மூக்கை அளந்த துரை

ஆம்பூர், 1901

அன்புள்ள ஞானப்பூவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் இருமல் நின்றதா?

நேற்று ஒரு வெள்ளைக்காரத் துரை எங்கள் தோல் ஷாப்புக்கு வந்தார். இரும்புக் கவராயத்தால் எங்கள் மூக்கை அளந்து, சாதியும் கேட்டு எழுதினார்.

"இன்னாத்துக்குங்க இது?" என்று குமாஸ்தாவைக் கேட்டேன். எங்களுக்கு எட்ட நின்றே தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்.

"எவன் ஒசத்தி, எவன் மட்டம்னு மூக்கே சொல்லிடுமாம்" என்று சிரித்து, தானும் மூக்கைக் காட்டினார்.

எனக்கும் அவருக்கும் ஒரே அளவு.

"இன்னொரு தபா அளங்க தொரை!" என்றார் முகம் கறுத்து. மறுபடியும் அதே அளவுதான். துரை யோசித்து, ஏட்டில் என் பெயரை மட்டும் அடித்துவிட்டார். ஏனென்று சொல்லவில்லை. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

ஒரு போர்வை அனுப்பு. இங்கே குளிர் ஜாஸ்தி, பேச ஆள் கம்மி. கவராயத்தோடு யார் வந்தாலும் நம் பிள்ளையின் முகத்தைத் தொட விடாதே.

தபால் பையைக் கட்டப் போகிறார்கள், இத்தோடு நிறுத்துகிறேன்.

உன்,
சவரிநாதன்