வாய்க்கரிசியும் சல்யூட்டும்

காஜா பேராங், மலாக்கா
12.9.1957

அப்பாவுக்குக் கதிரேசன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலமே. அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஊரிலிருந்து நீங்கள் தந்தியில் சொன்னபடி, உங்கள் இடத்தில் நின்று தாத்தாவுக்கு நானே கொள்ளி வைத்தேன். அவரோடு இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்கள் புக்கிட் ரம்பாயிலிருந்து வந்திருந்தார்கள். வாய்க்கரிசி போடக் கையில் அரிசியோடு வரிசையாக நின்றபோது, பட்டாளப் பழக்கத்தில் அவர்களில் ஒருவரான பொன்னுதுரை மாமா "சல்யூட்!" என்று கத்திவிட்டார். எல்லோர் கையும் நெற்றிக்குப் போக, அரிசி அவரவர் முகத்திலேயே கொட்டியது. "அண்ணே சிரிக்கிறாரு பாருங்கடா" என்று தாத்தாவைக் காட்டிச் சொல்லிவிட்டு மாமாவே அழுதார்.

இனிமேல் கடிதத்தைச் சற்று நீளமாக எழுதுங்கள். தாத்தா அதை ராணுவ உத்தரவுபோல் நின்றபடி எனக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். இப்போது நானே நின்று வாசிக்கிறேன். சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

கதிரேசன்