கொயினா மாத்திரை

1943, ஆடி வெள்ளி. பாடாங் செராய், மலாயா.

குளிர்காய்ச்சலோடு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லா நோய்க்கும் சிவப்புத் தண்ணீர் ஊற்றும் டிரஸ்ஸர் இன்று நிஜமான கொயினா மாத்திரையை நீட்டினார். வழக்கமாக "என்னடா" என்பவர், மரியாதையும் சேர்த்துக் கொடுத்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. இத முழுங்குனா ரெண்டு நாள்ல எந்திரிச்சிடுவீங்க லா."

"எந்திரிச்சு எங்கண்ணே போறது?"

ஜன்னல் பக்கம் பார்த்தார். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் ஆள் பிடிக்கும் லாரி வெளியே நின்றது. அதில் போனவர் எவரும் இன்னும் திரும்பவில்லை. படுத்திருப்பவனை அதில் ஏற்றுவதில்லை.

ஜப்பானியருக்கு என் உடல்நலத்தில் இவ்வளவு அக்கறை இருப்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து, தண்ணீரை மட்டும் விழுங்கி, வீட்டுக்கு வந்து துப்பினேன். கசப்பு இன்னும் போகவில்லை.

இப்போது குளிரில் எழுத்து ஆடுகிறது. காய்ச்சல் கூடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. குறைந்துவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.