சீட் கம்மி, டிரிப் ஜாஸ்தி

அண்ணே,

இன்று காலை வார்டுக்குள் நுழைந்ததும் அவித்த முட்டை வாசனை. நான்காம் கட்டில்காரரின் மகள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உங்கள் முகம்தான் வந்து நின்றது. நீங்கள் இல்லை என்று தெரிந்தும், எழுதினால் என்ன என்று உட்கார்ந்துவிட்டேன்.

சுனாமி வந்துபோன மறு வருஷம் சிதம்பரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். கடலூர் சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர், வீடு முதுநகரில். இரைப்பையில் புற்று. முக்கால்வாசியை டாக்டர் வெட்டி எடுத்துவிட்டார். மறுநாளே உங்களை நடக்க வைப்பது நர்ஸான என் பொறுப்பு. தையல் பிரிந்துவிடும் என்று அண்ணி அழுதார், நான் அண்ணியை அதட்டினேன். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நீங்களோ ஒரு கையால் டிரிப்ஸ் ஸ்டாண்டையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு எழுந்து, "போலாம் ரைட்" என்றீர்கள். கட்டிலுக்குக் கட்டில் நின்று ஊர்ப் பெயர் வேறு: "ஆலப்பாக்கம் எறங்கு! புதுச்சத்திரம் எறங்கு!" மூன்று நாளாகக் கட்டிலை விட்டு அசையாத ஒரு பெரியவர், "எனக்கு சிதம்பரம் ஒண்ணு குடுப்பா" என்று காலைக் கீழே வைத்தார். வார்டே சிரித்தது. சிரித்தால் தையல் வலிக்கிறது என்று கடைசியில் என்னைத்தான் திட்டினீர்கள்.

நீங்கள் வீட்டுக்குக் கிளம்பிய நாளில் எனக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, "பத்தியமா பாத்துக்குங்கண்ணி, புரிஞ்சுதா?" என்றேன். அண்ணி தலையை ஆட்டினார். நானும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, அடுத்த கட்டமாகக் கீமோ மருந்து ஏற்றலாமா என்று பார்க்க வந்தீர்கள். உங்கள் சட்டைக்குள் இன்னொரு கண்டக்டர் ஏறலாம் போல இருந்தது. எடையைப் பார்த்து டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"இந்த ஒடம்பு மருந்தத் தாங்காது. எடை ஏறுனாதான் ஆரம்பிக்க முடியும். ரொம்ப நாள் தள்ளவும் கூடாது. வீட்டுல என்னம்மா குடுத்தீங்க?"

"பத்தியந்தான் டாக்டர். கஞ்சி, மொளகு ரசம். முட்ட, மீனு, தயிரு எதையும் கண்ணுல காட்டல. சீழ் வச்சிடுமே."

"யாரு சொன்னது?"

அண்ணி என்னைப் பார்த்தார். நீங்கள் முந்திக்கொண்டு, "யாரும் சொல்லல டாக்டர், எனக்குத்தான் வாய்க்குப் புடிக்கல" என்றீர்கள். பச்சைப் பொய். உயிர் ஊசலாடும் நேரத்தில் ஒரு மனிதர் எனக்காகப் பொய் சொல்கிறார், நான் மரம் மாதிரி நிற்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. "நான்தான் சார் பத்தியம்னு சொன்னேன்" என்றேன். டாக்டர் விட்ட டோஸை இங்கே எழுத மாட்டேன்.

நான் நினைத்த பத்தியம் வேறு. கொஞ்சமாக, அடிக்கடி, சத்தாகச் சாப்பிடுவது. அண்ணிக்குத் தெரிந்த பத்தியம் ஒவ்வொன்றாக நிறுத்துவது. அன்று மத்தியானம் உங்கள் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்து மறுபடி சொன்னேன்.

"பிள்ள பெத்தவளுக்குச் சுறாப்புட்டு செஞ்சு குடுப்பீங்கல்லண்ணி?"

"அது பிள்ள பெத்த ஒடம்பு சிஸ்டர்!"

"அப்ப என்னயும் பிள்ள பெத்தவன்னே நெனச்சுக்கடி" என்றீர்கள். அண்ணி சிரித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் விளக்கி முடிப்பதற்குள் நீங்களே அண்ணிக்கு விளக்கினீர்கள். "பெரிய பஸ்ஸ மினி பஸ்ஸா ஆக்கிட்டாங்க. இனிமே சீட் கம்மி, டிரிப் ஜாஸ்தி. அவ்ளோதான்." பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "சிஸ்டர், புரிஞ்சுதான்னு கேட்டா பயத்துல எல்லாரும் தலைய ஆட்டிடுவோம். எங்க எறங்கணும்னு கேட்டுப் பாருங்க, அப்பதான் தெரியும், தப்பான பஸ்ல ஏறிட்டாங்களான்னு."

ஒரு நாளைக்கு ஆறு டிரிப் என்று அண்ணி கணக்கு வைத்துக்கொண்டார். முட்டை, சுறாப்புட்டு, தயிர், குழைந்த பருப்புச் சாதம், எல்லாம் கைப்பிடி அளவு. இரண்டு வாரத்தில் எடை மெஷினின் முள் லேசாக நகர்ந்தது. டாக்டருக்கு அது போதும். மருந்து ஏறியது. நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

அப்புறம் ஏழு வருஷம். மாதம் ஒரு சத்து ஊசிக்கு வருவீர்கள், போகும் வழியில் புதுக் கேஸ்களிடம் மினி பஸ் கதையைச் சொல்லிவிட்டுப் போவீர்கள். புற்று திரும்பி வரவேயில்லை. நெஞ்சுவலிதான் உங்களைக் கொண்டுபோனது. துக்கத்துக்கு முதுநகர் வந்தபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு வேள சமைச்சே பழகிட்டேன் சிஸ்டர், இப்ப என்னா செய்றதுன்னே தெரியல" என்றார். ஒரு நாளும் அவர் என்னைக் குறை சொன்னதில்லை.

இப்போது நான் வார்டு இன்சார்ஜ். புரிந்ததா என்று யாரையும் கேட்பதில்லை. "வீட்டுக்குப் போயி என்ன செய்வீங்க, எனக்குச் சொல்லுங்க" என்றுதான் கேட்கிறேன். போன வாரம் காட்டுமன்னார்கோயில் அக்கா ஒருவர், உங்களைப் போலவே இரைப்பை ஆபரேஷன் ஆன புருஷனைக் கூட்டிப்போகக் கிளம்பினார். மூன்று தடவை சொல்லியாயிற்று. மூன்றாவது தடவையும், "மொதல்ல ஒரு மாசம் வெறுங்கஞ்சி" என்றே ஆரம்பித்தார். சுள்ளென்று வந்தது அண்ணே, அந்தப் பழைய கோபம். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"தப்பு ஒங்க மேல இல்லக்கா, நான் சொன்ன விதந்தான் சரியில்ல. மொதல்லேருந்து சொல்றேன்" என்றேன்.