செவ்வாயில் ஒரே பொன்னாடை

ஜூன் 3
பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வேலை அறைச் சுவரில் சிவநேசனின் விமர்சனம் இன்னும் ஒட்டியிருக்கிறது. நான் எழுதும் ‘செவ்வாய்ச் சங்கம்’ டிவி தொடரின் இரண்டாம் சீசனைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியது. “ஆக்சிஜன் தீர்வதற்கு முன்பே நகைச்சுவை தீர்ந்துவிட்டது. யாரையும் சீண்டப் பயப்படுகிற கிண்டல்.” வயிற்றெரிச்சலில் ஒட்டியவள் நான்தான். மனுஷர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிகிறது.

மூன்றாம் சீசன் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. இதுவும் கவிழ்ந்தால் தொடர் அவ்வளவுதான் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். டைரக்டர் சுகுமாறன் இன்றும் கேட்டார்: “அந்த நாலாவது பாகம் வேணுமா ஹுமைரா? உங்க அத்தா பாவம் லா.”

ஜூன் 5
செவ்வாய்க் கிரகத்தில் பன்னிரண்டு தமிழர்கள், பதின்மூன்று சங்கங்கள், ஒரே ஒரு பொன்னாடை. ஒரு தலைவருக்குப் போர்த்தி, படம் எடுத்து, உருவி, அடுத்த தலைவருக்குப் போர்த்துவார்கள். இதுதான் நாலாவது பாகம்.

கற்பனையா இது? கிள்ளானில் எங்கள் ஜவுளிக்கடைக்கு, சங்கங்கள் ஞாயிறு விழாவில் போர்த்திய பொன்னாடைகள் திங்கள் காலையில் திரும்பி வரும். அத்தா ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த விழாவுக்கு இஸ்திரி போட்டு அடுக்கிவிடுவார். முப்பது வருட ரகசியம். பெற்ற மகள் நான், அவரிடம் கேட்காமலேயே எழுதிவிட்டேன்.

ஜூன் 28
நேற்று நாலாவது பாகம் வந்தது. அத்தா பார்த்துவிட்டார்.
“யாவாரம் பண்றவன் வாயத் தொறக்கக் கூடாதும்மா. நீ மைக்கு வச்சுல்ல தொறந்துட்ட.”
சாப்பிடாமல் எழுந்துபோய்விட்டார்.

ஜூன் 30
திங்கள். ஒரு பொன்னாடைகூடத் திரும்பி வரவில்லை. ஒரு சங்கக்காரரும் கடைப்பக்கம் வரவில்லை. யா அல்லாஹ், அத்தா பொழப்புல மண்ணப் போட்டுட்டேனா?

ஜூலை 6
அரைப் பக்கம்! சிவநேசன் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்!

“செவ்வாய்க்குப் போய்த் தொலைந்தவர்கள் மூன்றாம் சீசனில் கிள்ளானுக்குத் திரும்பிவிட்டார்கள். பொன்னாடைப் பாகத்தில் வயிறு குலுங்கச் சிரித்தேன். பிறகு என் அலமாரியைத் திறந்து பார்த்தேன். இருபது முறை கௌரவிக்கப்பட்டவன் நான். ஒரு பொன்னாடைகூட இல்லை.”

நாற்காலிமேல் ஏறி நின்று ஒரு தடவை சத்தமாகப் படித்தேன். பழையதைக் கிழிக்கவில்லை, பக்கத்திலேயே இதையும் ஒட்டினேன். மாலையில் சுகுமாறன் போன் செய்தார்: நாலாவது சீசன் உறுதி!

அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தம்புசாமி படிச்சாரா?” பெரிய சங்கத் தலைவர், அத்தாவின் பெரிய வாடிக்கையாளர்.

ஜூலை 7
தம்புசாமியே வந்துவிட்டார். நான் சேலை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.
“பாய், டிவில வர்ற தலைவர் யாரு?”
அத்தா மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே வைத்துவிட்டார்.
“மேரு ஊர்ச் சங்கத்துக்காரன் தன்னத்தான் காட்டுறாங்கன்னு சொல்லிட்டுத் திரியிறான். மொதமொத திருப்பிக் கொடுத்தது நான்தானே பாய்? அவனா நானா, சொல்லுங்க!”
“நீங்கதான் தலைவரே. அதுல என்ன சந்தேகம்?”
சிரிப்பை அடக்கச் சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன். விற்கிற சேலை.

ஜூலை 20
கிள்ளானில் எங்கள் குழுவுக்குப் பாராட்டு விழா. இரண்டு மணி நேரம் தாமதம், ஒன்பது உரைகள். எங்கள் தொடரைவிட நீளம். தம்புசாமி எனக்குப் பொன்னாடை போர்த்தினார், படம் எடுத்தார்கள். பழக்க தோஷத்தில் அவர் கை அதை உருவ வந்தது. மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. முன்வரிசையில் சிவநேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தம்புசாமியும் சிரித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 21
திங்கள். பொன்னாடையைக் கடை மேசைமேல் வைத்தேன். அத்தா வழக்கம்போல் இஸ்திரி போட்டார், மடித்தார், அடுக்குவரைக்கும் கொண்டுபோனார். அங்கே நின்றார். திரும்ப விரித்து, தன் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தார்.
“அடுத்த சீசனுக்கு எத்தன பொன்னாட வேணும்?” என்றார்.