அப்பா பெயரில் ஒரு விசா

டிசம்பர் 9, செவ்வாய். சான் ரமோன்.

மொராக்கோ விசா மனுவை இன்று நானே நிரப்பினேன். நான்கு முறை சரிபார்த்தேன். அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. இனிஷியலை முன்னால் எழுதும் பழக்கத்தில், என் பெயர் வரவேண்டிய கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறேன்.

சற்று நேரத்தில் மகன் ஃபோன் செய்தான். "அப்பா, பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே ஃபில் பண்ணீங்கள்ல? தப்பா இருந்தா ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்க."

"பண்ணிட்டேம்பா" என்றேன். ஏன் பொய் சொன்னேன்?

கமலா பயணப் பெட்டிக்கு ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, அகாதிர்ல இந்தக் குளிர்காலத்துலயும் கடல்ல கால் நனைக்கலாமாம்!"

தலையாட்டினேன். அனுப்பிய மனுவைத் திருத்த முடியாது; புதிதாகப் போட்டு விசா வருவதற்கு, பயணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. காலையில் மகனிடம் சொல்லிவிட வேண்டும். கமலாவிடம் எப்படிச் சொல்வது? நான் இல்லாமல் அவள் போகமாட்டாள். ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள்.