கரடி யாருடையது

மிசூரி, ஓசேஜ் ஆற்றங்கரை
1847 அக்டோபர் 9

அன்பு மகன் லெவிக்கு அம்மா எழுதுவது. நானும் பசுவும் நலம். ஒரிகானில் நீயும் லவினியாவும் பிள்ளைகளும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

உன் அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. மூன்று கரடிகளோடு மல்லுக்கட்டி மாண்டார் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். நம்பாதே. மோரும் சோள ரொட்டியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். எடுத்து வருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டார். அந்தத் துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

போன வாரம் கென்டக்கியிலிருந்து கர்னல் பெட்டிகுரூ என்பவர் நாலு பேரோடு வந்தார். நாங்கள் அந்தக் காலத்தில் குடியிருந்த, அப்பா வேட்டையாடிய காடு இப்போது ஊராகிவிட்டதாம். அவர் எலும்புகளைத் தோண்டிக்கொண்டுபோய் அங்கே புதைத்துப் பளிங்குத் தூண் எழுப்பப் போகிறார்களாம். அதற்கு என் சம்மதம் வேண்டுமாம். சேதி கேட்டதும் நம் ஊர்க் கடைக்காரர் ஸ்டப்பில்ஃபீல்டு துப்பாக்கியோடு வந்து கல்லறை மேலேயே உட்கார்ந்துவிட்டார். கல்லறை பார்க்க வருகிறவர்கள் அவர் கடையில்தான் புகையிலை வாங்குகிறார்கள். அவருடைய பக்தி அவ்வளவுதான்.

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் வீட்டில் தங்கியது எல்லாம் சேர்த்து ஒன்பது வருஷம் இருந்தால் அதிகம். இப்போதுதான் ஓரிடத்தில் இருக்கிறார். பக்கத்தில் எனக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். அதற்குள் இவர்கள் தூக்கிக்கொண்டு போக வந்துவிட்டார்கள்.

முடியாது என்றேன். கர்னல் விடவில்லை. கம்பளியில் சுற்றிய மரப்பட்டை ஒன்றைக் கைக்குழந்தையைப் போல மேஜைமேல் கிடத்தினார். கரடியைக் கொன்றால் வேட்டைக்காரர்கள் பக்கத்து மரத்தில் பேர் செதுக்குவார்களே, அது. 'ஹிராம் டாகெட் கரடி கொன்றான், 1809.' கீழே ஏழு கோடு.

"பாத்தீங்களாம்மா, ஒரே நாள்ல ஏழு கரடி! தூணே இது மேலதான் நிக்கப்போவுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயா, அவருக்குத் தன் பேரே எழுதத் தெரியாது. இதச் செதுக்கினது நான். கரடியும் ஒண்ணுதான். பன்னிக் கொட்டில்ல பூந்துச்சு. லெவி வயித்துல இருந்தான், கோடாலியால நாந்தான் போட்டேன். பொம்பள கொன்னேன்னா எவன் நம்புவான்? அதான் அவர் பேரப் போட்டேன். அந்த ஏழு கோடு, அவரு வீட்டுப் பக்கமே வராத ஏழு மாசம்" என்றேன்.

கர்னல் அவசரமாகப் பட்டையைக் கம்பளியில் சுற்றினார். தூணில் ஏழு கரடிகளையும் வால் உட்படச் செதுக்கியாகிவிட்டதாம். வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். பேரை நீங்கள் கொண்டுபோங்கள், ஆளை எனக்கு விட்டுவிடுங்கள் என்றேன். மத்தியானமே வண்டி கட்டினார்கள். ஸ்டப்பில்ஃபீல்டிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் காவல் இருந்து இருமல் வாங்கிக்கொண்டார்.

உன் போன கடிதத்தில், வேட்டைக்குப் போய் ஐந்து மாசம் கழித்துத் திரும்பினேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய். மூன்று தடவை படித்துப் பார்த்தேன். லவினியா என்ன சொன்னாள் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

கர்த்தர் உனக்கு நீண்ட ஆயுசு தரட்டும், ராசா. அதை உயிரோடு இருக்கும்போதே அவள் பக்கத்தில் கழித்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கெஸையா டாகெட்