ஆணியில் மாட்டிய டியூப்

அம்மணி,

இன்று காலை சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். குப்பென்று அந்தப் புளித்த வாசனை வந்தது. கூடவே உன் சிரிப்பும் வந்தது. "ஏனுங்க, ஊட்டுக்குள்ள கள்ளு எறக்கறோம்னு போலீசு வரப்போகுதுங்க" என்பாய். பழையதைக் கொட்டிவிட்டுச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் புதிதாகக் கலந்து வைத்தேன். பிறகு எழுத உட்கார்ந்தேன். ஆமாம், நான்தான் எழுதுகிறேன். பஸ் போர்டைக்கூட உன்னைப் படிக்கச் சொன்னவன். நீ போன பிறகு முதியோர் வகுப்புக்குப் போனேன். மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு வரி முடியும்போதும் சின்னப் பையனைப் போல ஒரு சந்தோஷம்.

மகள் வாங்கித் தந்த மீன் தொட்டியில் உனக்கு மீன்களைவிடச் செடிகள் மேல்தான் ஆசை. "நாம வெளிய உடற மூச்சத்தான் இதுங்க உள்ள இழுக்குதுங்க. தொட்டித் தண்ணீல அது பத்தாது" என்று சொல்லி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் புளிக்கும்போது வரும் அதே காற்றுக்காகவே பாட்டிலைத் தயார் செய்தாய். மருந்துக்கடையில் டிரிப்ஸ் டியூப் வாங்கி அதன் மூடியில் செருகி, மறுமுனையைத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டாய். நான் தொட்டிக்கு மேலே விளக்கு கட்டித் தந்தேன். மதியத்தில் இலையெல்லாம் குமிழி குமிழியாக நிற்கும். தறிச் சத்தத்திலேயே காலத்தைக் கழித்த நாம் இருவரும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒருமுறை இரவெல்லாம் டியூப் தண்ணீரிலேயே கிடந்துவிட்டது. விடிந்து பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. இருட்டில் செடிகள் அந்தக் காற்றைத் தொடுவதில்லை. அது தண்ணீரில் சேர்ந்து மீன்களுக்கு மூச்சு முட்டிவிடுகிறது. டியூப்பை அடைத்தால் பாட்டில் வெடித்துவிடும். அதனால் விளக்கை அணைக்கும்போதே டியூப்பை வெளியே எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டிவிடுவாய்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உன் கையிலும் அதே டியூப். "அங்க குமிழி மேல போகுது, இங்க சொட்டு கீழ எறங்குது" என்று நர்ஸையும் சிரிக்கவைத்தாய். அன்று காலை நான் விளக்கைப் போட்டு, டியூப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வெயில் தாழ்ந்ததும் உனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கெளம்புங்க. டியூப்ப எடுத்துட்டு வாங்க. மீனுக பாவம்."

"நீ இப்படிக் கெடக்கறப்ப மீனு என்ன மீனு?"

"நான் எங்கீங்க போகப்போறேன்? இங்கதான் இருப்பேன்."

மகளை உன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, "போயிட்டு வாரேன் கண்ணு" என்றேன்.

கருமத்தம்பட்டி வீட்டுக்கு வந்து டியூப்பை ஆணியில் மாட்டினேன். மீன் ஒன்றும் சாகவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். உன் கட்டில் பக்கத்தில் சொட்டு நின்றிருந்தது. நமக்கிருந்த ஒரே போன் உன் தலைமாட்டில் கிடந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா கேட்டுட்டே இருந்துச்சுப்பா. உங்கப்பா டியூப்ப எடுத்திருப்பாரா, எடுத்திருப்பாரான்னு."

செடிகள் இப்போது தண்ணீருக்கு மேலேயே எட்டிப்பார்க்கின்றன. மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். மாலையில் விளக்கை அணைக்க இங்கே யார் இருக்கிறார்கள்? அணைத்து, டியூப்பை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் உனக்கான பதில் வாய்வரை வந்து நின்றுவிடும். எழுத்துப் படித்தால் முதலில் அதைத்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

டியூப்ப எடுத்துப்போட்டேன் கண்ணு. மீனுக நல்லா இருக்குதுக.